கம்ப்யூட்டருக்கு வெச்ச சந்தனம்

போன வாரம் எங்க பேரனோட கம்ப்யூட்டர் கெளம்பல. கறுப்பா ஒரு தெரை, அதுல வெள்ளையா ரெண்டு வரி, அதோட நின்னுகிச்சு. உள்ள இருக்கற முக்கியமான ஃபைலு ஏதோ கெட்டுப்போச்சாம். அது கெட்டா மிஷினுக்கு எப்பிடி எழுந்திரிக்கறதுன்னே மறந்துடுமாம். அவன் தலைய புடிச்சிகினு உக்காந்துகினு கீறான். நான் கிட்ட போயி, இன்னாடா கண்ணு, சந்தனம் கிந்தனம் பட்டுச்சான்னு கேட்டேன். அவன் என்ன பாத்த பார்வைய பாக்கணுமே. ஆயாவுக்கு புத்தி கலங்கிடுச்சின்னு நெனச்சிகிட்டான்.

அவனுக்கு இன்னா தெரியும். அவன் வயசுல பாதி கூட ஆவல எனக்கு, அப்பவே செத்துக் கெடந்த கம்ப்யூட்டர எழுப்பினவ நானு. எழுத்து தெரியாது எனக்கு, இன்னிக்கும் பேங்குல கைநாட்டு தான். ஆனா எழுப்பினேன். நான் மட்டும் எழுப்பினேன்னு சொன்னா பொய்யி. எங்க நைனா, எங்கம்மா, ஒரு எஞ்சினியரம்மா, அப்பால நானு.

எங்க ஊரு தங்கவயலு. எங்க நைனா மொதல்ல அண்டர்கிரவுண்டுல பாற தொளைக்கற மிஷின் புடிச்சவரு. கேஜுன்னு ஒரு இரும்புக் கூண்டு, அதுல ஏறி கீழ போவாரு, அப்பிடியே பூமிக்குள்ள போயிகினே இருக்கும் அது. மேல வரும்போது ஆளு அடையாளமே தெரியாது, கண்ணு மட்டும் தான் வெள்ளையா இருக்கும். நான் பயந்துகினு அம்மா பின்னால ஒளிஞ்சிக்குவேன். அந்த பாறத்தூளு நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துகிச்சு. இருமல் ஆரம்பிச்சா நிக்காது. ஆஸ்பத்திரியில டாக்டரு பாத்துட்டு லைட் டூட்டின்னு எழுதிக் குடுத்தாரு. கீழ அனுப்பக்கூடாது, மேலயே ஏதாச்சும் லேசான வேல குடுங்கன்னு அர்த்தம்.

அந்த லேசான வேல தான் கம்ப்யூட்டர் ரூமு. கூட்டணும், தொடைக்கணும், சாவி வெச்சிக்கணும், கதவு தொறந்து வுடணும். நைனாவுக்கு அது கெடச்சதுல எங்க லைன்ல பாதி பேருக்கு வயித்தெரிச்சல். ஏன்னா ஒரு சின்ன ரிப்போர்ட்டு மேல போனா போதும், லைட் டூட்டிய புடுங்கிட்டு திரும்பி கீழயே அனுப்பிடுவாங்க. போவ மாட்டேன்னா வேலையும் போச்சு, கம்பேனி குடுத்த லைன் வூடும் போச்சு. திரும்பி கீழ போனா எத்தன நாளைக்கி ஆளு தாங்குவாருன்னு டாக்டரு எங்கம்மா கிட்ட தனியா சொல்லி இருந்தாராம். இதெல்லாம் நான் பெரியவளாயி கல்யாணம் கட்டினதுக்கு அப்பால அம்மா சொல்லி தெரிஞ்சிகினது. அப்ப எனக்கு தெரிஞ்சது, நைனா இப்பல்லாம் கறுப்பா வராம வெள்ளையா வறாரு, அவ்ளோ தான்.

அந்த ரூம பத்தி சொல்லணுமே. வெளிய வெயிலு மண்டைய பொளக்கும், தங்கம் எடுத்துட்டு கொட்டி வெச்ச சயனைடு மேட்டு மண்ணு காத்துல பறந்து வந்து கண்ணுல வுழும். நைனாவுக்கு சோத்துத் தூக்கு எடுத்துகினு நான் போவேன். கதவ தொறந்தா ஜில்லுன்னு ஒரு காத்து வந்து மொகத்துல அடிக்கும் பாருங்க, உசிரு போயி உசிரு வரும். அந்த காத்துக்காவே நான் ஒரு நாளு கூட சோத்துத் தூக்க தம்பி கிட்ட குடுத்ததில்ல. எங்கம்மா ஒரு தபா உள்ள எட்டி பாத்துட்டு, இவ்ளோ குளிர்ல அந்த மிஷினுக்கு சளி புடிக்காதான்னு கேட்டுச்சு.

உள்ள போனா செருப்ப கழட்டி வெளிய வுடணும். பீடி கூடாது. துப்பக்கூடாது. சத்தமா பேசக்கூடாது. கண்டவங்க உள்ள வரக்கூடாது. கதவு சாத்தியே இருக்கும், நேரத்துக்கு தான் தொறக்கும். நீங்களே சொல்லுங்க, இதெல்லாம் எங்க சொல்லுவாங்க? கோயில்ல. எங்க நைனாவும் அப்பிடி தான் எடுத்துகினாரு. காலையில குளிச்சிட்டு விபூதி வெச்சிகினு தான் அந்த கதவத் தொறப்பாரு.

அந்த மிஷின் இன்னாத்துக்குன்னா, பூமிக்குள்ள சில நேரம் பாற தானாவே வெடிக்கும். பிளாஸ்ட்டுன்னு சொல்லுவோம். மேல வூட்ல அலமாரியில இருக்கற சொம்பு டம்ளரெல்லாம் தானா உருண்டு கீழ வுழும். பொம்பளைங்க எல்லாம் தெருவுக்கு ஓடியாந்து ஆளுங்க எறங்கற குழி எது, எந்த ஷாஃப்ட்டு, எந்த ஷாஃப்ட்டுன்னு கேட்டுகினு நிப்பாங்க. யாருக்கும் தெரியாது. கீழ அங்கங்க காது மாதிரி வெச்சி ஒயரு இழுத்து வுட்டு, வெடிச்சது எங்கன்னு இந்த மிஷினு கணக்கு போட்டு சொல்லுமாம். ஆளுங்கள தூக்க அங்க நேரா போவலாமாம்.

அத பாத்துக்க வந்தவங்க தான் எஞ்சினியரம்மா. மைசூர் பக்கம். வயசு சின்னது தான், எங்க சித்தி வயசு இருக்கும். பொடவ மேல சொட்டரு போட்டுகினு அந்த குளிர்ல உக்காந்து இருப்பாங்க. கன்னடத்துல பாதி தமிழ்ல பாதி பேசுவாங்க. நைனாவ அண்ணான்னு கூப்புடுவாங்க, என்ன புட்டின்னு கூப்புடுவாங்க, சின்னப் பொண்ணுன்னு அர்த்தமாம். அவங்க தான் ஒரு நாளு பீரோவ தொறந்து, ரெண்டு வட்டத் தகர டப்பாவ காட்டி, உள்ள இருக்கற காயிதச் சுருள எடுத்து நைனாவுக்கு வெளக்கினாங்க. நாடா மாதிரி நீளமா, உருட்டி வெச்ச காயிதம். அதுல குறுக்கால குறுக்கால பொடிப்பொடியா ஓட்டை. டேப்புன்னு பேரு.

"அண்ணா, இந்த பெரிய பெரிய பெட்டி எல்லாம் சும்மா டப்பா. காலையில கரண்டு போட்டா இதுக்கு ஒண்ணும் தெரியாது, பொறந்த கொழந்த மாதிரி. இந்த டேப்ப படிச்சா தான் எழுந்துக்கும். இது தான் இதோட ஜீவா. இன்னொண்ணு அதோட ஜோடி, மொதல் டேப்பு கெட்டா அது."

நைனா அத கேட்டுகினாரு. நல்லா கேட்டுகினாரு. அங்க தான் வெனையே.

ஆயுத பூஜ வந்துச்சு. எங்க ஊர்ல ஆயுத பூஜைன்னா சும்மா இல்ல. கேஜுக்கு பூஜ, கேஜ இழுக்கற இன்ஜினுக்கு பூஜ, பட்டறையில லேத்துக்கு பூஜ, சுத்தி, கடப்பாறை, சைக்கிளு, ஒண்ணு வுடாம சந்தனம் குங்குமம். ஆண்டர்சன்பேட்டை பஜார்ல பூசணிக்காய் மல மாதிரி குவிஞ்சி கெடக்கும். எங்க மாமா, அம்மாவோட தம்பி, அவரு புத்தர் பக்கம் போனவரு, சாமி பூதம் எதுவும் கெடையாது. ஆனா பொரியும் கடலையும் வெல்லமும் வந்துச்சின்னா மொத ஆளா கை நீட்டுவாரு. நைனா பூஜ சாமான் வாங்கிகினு வறத பாத்துட்டு, "இன்னா மச்சான், கம்ப்யூட்டருக்கு மொட்ட எப்போ, காது குத்தல் எப்போ?"ன்னு கேட்டாரு. நைனா, "நீ பொரிய தின்னுட்டு வாய மூடு"ன்னுட்டாரு.

எஞ்சினியரம்மா கிட்ட உத்தரவு வாங்கி தான் பூஜ. அவங்க ரொம்ப யோசன பண்ணிட்டு, "வெளியே மட்டும் வைங்க அண்ணா, ஒரு சின்ன பொட்டு. உள்ளே பேடா, வேண்டாம்"னு சொல்லிட்டு, பூஜைக்கி நிக்காம ஊருக்கு போற தோழிய பஸ் ஏத்த கெளம்பிட்டாங்க. சாவி நைனா கிட்ட. நைனாவும் நானும் தான் உள்ள. நான் தட்டு புடிச்சேன்.

பெட்டிக்கு வெளிய பொட்டு வெச்சாரு. சொன்ன பேச்சு தவறல. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒண்ணு, டைப்படிக்கற மிஷினுக்கு ஒண்ணு, ஜில்லு காத்து மிஷினுக்கு ஒண்ணு. முடிஞ்சிதுன்னு நான் பொரி மேல கை வெச்சேன். கைய தட்டி வுட்டாரு. பீரோ முன்னால நின்னு யோசிச்சாரு. அவரு நியாயம் இன்னான்னா, வெறும் டப்பாவுக்கே பொட்டு வெச்சிட்டோம், இதோட உசிரே அந்த சுருளு தானாம், அதுக்கு வெக்காம வுட்டா அது முறையா? மிஷினுக்கு உள்ள தானே கூடாதுன்னாங்க, இது பீரோவுல தானே கீது?

டப்பாவ தொறந்து, சுருளோட வெளி சுத்த ஒரு மொழம் அவுத்து, பன்னீர்ல கொழைச்ச சந்தனத்த பட்டையா பூசி, நடுவுல குங்குமம் வெச்சி, சாம்பிராணி காட்டி, திரும்ப அழகா சுத்தி வெச்சாரு. ஈரத்தோட. அப்பால ரெண்டாவது டப்பா. அதுக்கும் அதே மாதிரி. நான் கூட கேட்டேன், நைனா அதுக்கும் வேணுமான்னு. "ஒண்ணுக்கு வெச்சிட்டு ஜோடிக்கு வெக்காம வுட்டா கோச்சிக்காதா?"ன்னாரு. எனக்கும் செரின்னு தான் பட்டுச்சு.

மறுநாளும் லீவு. ஆனா எஞ்சினியரம்மா காலையிலயே வந்துட்டாங்க. ஏன்னா மைன்ஸுக்கே மேலான பெரிய தொரை பெங்களூர்ல இருந்து அதுக்கு அடுத்த நாளு காலையில திரும்பி வறாரு, கூட டெல்லி ஆளுங்க, மிஷின பாக்க. ஒரு தபா ஓட்டி பாத்து வெச்சிடலாம்னு வந்தாங்க. நானும் நைனா பின்னாலயே ஓடினேன், மிச்ச பொரி அங்க தானே இருந்துச்சு.

பெட்டி மேல இருந்த பொட்ட பாத்து சிரிச்சாங்க. நல்லா கீது அண்ணான்னாங்க. கரண்டு போட்டாங்க. மிஷின் முன்னால வரிசையா சின்னச் சின்ன சுவிட்சு இருக்கும், பல்லு மாதிரி. அத மேல கீழ மேல கீழன்னு மளமளன்னு தட்டுவாங்க, எனக்கு அத பாக்கறதே ஒரு கூத்து. அப்பால டப்பாவுல இருந்து டேப்பு நுனிய எடுத்து படிக்கற மிஷின் வாயில குடுத்தாங்க. எப்பவும் அது கரகரகரன்னு முழு டேப்பையும் முழுங்கி அந்தாண்ட துப்பும். முழுசா முழுங்கினதும் டைப்பு மிஷினு தானா ஒரு வரி அடிக்கும். யாரும் தொடாம, தானா. அது எழுந்துட்டேன்னு சொல்றதா நான் வெச்சிகினு இருந்தேன்.

அன்னிக்கி கரன்னுச்சு, நின்னுச்சு. ஒரு சாண் கூட போவல. செவப்பு லைட்டு ஒண்ணு எரிஞ்சிச்சு.

எஞ்சினியரம்மா டேப்ப வெளிய இழுத்தாங்க. மஞ்சளா பொருக்கு பொருக்கா கையில ஒட்டிச்சு. மோந்து பாத்தாங்க. திரும்பி நைனாவ பாத்தாங்க.

"அண்ணா, இது இன்னா?"

"சந்தனம்மா. நீங்க தான் இதோட உசிருன்னு சொன்னீங்க."

அவங்க டேப்ப வெளிச்சத்துல தூக்கி புடிச்சாங்க. ஓட்டை எல்லாம் அடைச்சிகினு இருந்துச்சு. சுத்துக்கு சுத்து ஒட்டி, பிரிச்சா காயிதம் தோலு மாதிரி உரிஞ்சி வந்துச்சு. ஜோடி கீதே, ஜோடின்னு சொல்லிகினே ரெண்டாவது டப்பாவ எடுத்தாங்க. தொறந்தாங்க. அதுலயும் மஞ்சளு. தலையில கைய வெச்சிகினு அப்பிடியே உக்காந்துட்டாங்க.

நைனா சொவுத்துல சாஞ்சிட்டாரு. இருமல் வந்துச்சு, வெளிய ஓடினாரு, திரும்பி வந்தாரு. "நாளைக்கி தொரை வந்ததும் நானே சொல்லிட்றேன்மா. உங்க மேல ஏதும் வரக்கூடாது. நான் தான் பண்ணேன்னு சொல்லிட்றேன்."

"சொன்னா உங்கள எங்க அனுப்புவாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப உக்காருங்க. இன்னும் பகலெல்லாம் இருக்கு."

அவங்க ரெண்டாவது டேப்ப கையில வெச்சிகினு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பி பாத்தாங்க. அது கடைசியா ஓடினப்ப திரும்ப சுத்தாம அப்பிடியே டப்பாவுல போட்டு இருந்தாங்களாம், அவங்களே. அவங்க சோம்பேறித்தனமாம். அதனால அந்த சுருளு தலைகீழா சுத்தி கெடந்துச்சு. வெளி சுத்துல இருந்தது தலை இல்ல, வாலு. பூஜ ரெண்டுக்கும் வெளி சுத்துல தான், ஆனா ஒண்ணுக்கு தலையில வுழுந்துச்சு, இன்னொண்ணுக்கு வால்ல வுழுந்துச்சு. அது புரிஞ்சதும் அவங்க சிரிச்சாங்க பாருங்க, கண்ணுல தண்ணி வர அளவுக்கு. "அண்ணா, நீங்க ஒரு டேப்புல தலைய எடுத்தீங்க, இன்னொரு டேப்புல வால எடுத்தீங்க. முழு உடம்பும் இங்கயே தான் கீது."

ரெண்டயும் சேத்து புதுசா ஒரு டேப்பு. அதான் யோசன. தலைய ரெண்டாவதுல இருந்து எடுக்கணும், வால மொதல்ல இருந்து எடுக்கணும். டைப்பு மிஷின் பக்கத்துல இன்னொரு மிஷினு இருந்துச்சு, அது போடற சத்தத்துக்கு நான் வெச்ச பேரு தொண தொணப்பான், ஒரு பக்கம் பழைய டேப்ப குடுத்தா இன்னொரு பக்கம் வெறும் காயிதத்துல அதே மாதிரி ஓட்டை போட்டு வெளிய தள்ளும். ஆனா தலையில இருந்து வாலுக்கு எங்க மாறணும்? அந்த எடம் ரெண்டு டேப்புலயும் ஒண்ணா இருக்கணும், ஒரு வரிசை கூட முன்ன பின்ன போவக்கூடாது.

நைனா பழைய பல்லு தேய்க்கற பிரஷ்ஷால சந்தனத்த பொலபொலன்னு உதிர்த்தாரு. ஊறாத எடம் வரைக்கும் பிரிச்சாங்க. அப்பால எஞ்சினியரம்மா என்ன கூப்ட்டு சன்னல் கிட்ட நிக்க வெச்சி, ரெண்டு டேப்பையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சி என் கையில குடுத்தாங்க. மேல இருக்கறத மெல்ல தள்ளு புட்டி, வெளிச்சம் எல்லா ஓட்டையிலயும் நேரா வந்தா சொல்லுன்னாங்க. தள்ளினேன். எல்லாம் கலங்கலா இருந்துச்சு, ஒண்ணு தெரிஞ்சா ஒண்ணு மூடிகிச்சு. தள்ளிகினே இருந்தேன், தள்ளிகினே இருந்தேன், சட்டுன்னு ஒரு எடத்துல அத்தன ஓட்டையும் ஒண்ணா தொறந்துகிச்சு. அம்மாடி, பொடிப்பொடியா வெளிச்சம், மொகமெல்லாம் புள்ளி வுழுந்துச்சு. நான் கத்தின கத்துல நைனா பிரஷ்ஷ கீழ போட்டுட்டாரு.

அங்க பென்சில்ல கோடு போட்டாங்க. தொண தொணப்பான் ஓட ஆரம்பிச்சிது. மெதுவா தான் ஓடும். வெட்டுப்பட்ட காயிதப் பொடி எல்லாம் பொரி மாதிரி கீழ டப்பாவுல கொட்டும். நான் அத அள்ளி தலையில போட்டுகினேன். எனக்கு அன்னிக்கி தான் பண்டிக.

மதியம் அம்மா சோத்துத் தூக்கோட வந்து நின்னுச்சு, லீவு நாள்ல கூட இன்னா அப்பிடி வேலன்னு. எஞ்சினியரம்மா சொன்னாங்க. எங்கம்மா நைனாவ பாத்து, "வூட்ல கேஸ் லைட்டுக்கு ஒரு பொட்டு வெச்சது கெடையாது, கவுருமெண்டு மிஷினுக்கு பன்னீர் அபிஷேகமா?"ன்னு கேட்டுச்சு. நைனா தொடப்பத்த எடுத்துகினு கீழ கொட்டின சந்தனத் தூள கூட்ட ஆரம்பிச்சாரு. அப்பால அம்மா சோத்த வெச்சிட்டு வூட்டுக்கு போவாம வாசப்படி கிட்டயே செருப்ப கழட்டிட்டு உக்காந்துகிச்சு. சோறு யாரும் தின்னல. நான் மட்டும் தின்னேன். கருவாட்டுக் குழம்பு அன்னிக்கி.

டேப்பு முடிஞ்சிது. புத்தம் புதுசு, மஞ்சளு இல்ல, செவப்பு இல்ல. எஞ்சினியரம்மா பல்லு சுவிட்ச தட்டினாங்க, டேப்ப வாயில குடுத்தாங்க. கரகரகரன்னு ஓடிச்சு. காலையில சந்தனத்துல சிக்கி நின்ன எடத்த தாண்டிச்சு. பென்சில் கோடு போட்ட எடத்தையும் தாண்டிச்சு. நான் குதிக்க ஆரம்பிச்சேன். நின்னுடுச்சு. அதே செவப்பு லைட்டு.

நைனா எழுந்து போயி சட்டையில பட்டன போட்டாரு. தொரை வர்ற வரைக்கும் அவரு வூட்டு வாசல்ல போயி நிக்க தான்னு அம்மாவுக்கு புரிஞ்சிருக்கும். வழிய மறிச்சிகினு நின்னுச்சு. எஞ்சினியரம்மா திரும்பியே பாக்காம, "அண்ணா, உங்க கை வேணும், இத புடிங்க"ன்னாங்க.

டேப்பு எங்க நின்னுச்சோ அதுக்கு முன்னால ஒரு ரெண்டு ஆளு கை விரிச்ச நீளம், அதுக்குள்ள தான் ஏதோ தப்பு. ஈரப் பொடவைய ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் புடிச்சி காய வெப்பாங்க இல்ல, அது மாதிரி நைனாவும் அம்மாவும் புது டேப்ப விறைப்பா புடிச்சிகினாங்க. அந்த எடத்துல சந்தனம் படாம நல்லா இருக்கற ரெண்டாவது டேப்ப எஞ்சினியரம்மா மடியில போட்டுகினாங்க. நான் புது டேப்புல வரிசை வரிசையா பாத்து சொல்லணும், ஓட்டை இருக்கா இல்லியான்னு. ஓட்டைய அவங்க கன்னடத்துல தூத்துன்னு சொல்லுவாங்க, நானும் அதையே சொன்னேன்.

தூத்து, இல்ல, இல்ல, தூத்து. தூத்து, தூத்து, இல்ல. மொதல்ல தடுமாறிச்சு. அப்பால ஒரு ராகம் வந்துடுச்சு. நான் சொல்ல சொல்ல அவங்க விரலு அந்த டேப்பு மேல நகுரும், தல ஆடும். எங்கம்மா வாயும் சத்தமில்லாம தூத்து தூத்துன்னு அசையுது. நைனாவுக்கு இருமல் முட்டுது, டேப்பும் கூடவே ஆடுது, நைனா ஆட்டாதீங்கன்னு நான் அதட்டறேன். என் ஆயுசுலயே நைனாவ நான் அதட்டின ஒரே நாளு அது தான், அவரும் செரிம்மான்னு அடங்கினாரு.

தூத்து, இல்ல, தூத்து, இல்ல.

"நில்லு. திருப்பி சொல்லு புட்டி."

"தூத்து, இல்ல, தூத்து, இல்ல."

"கடைசில இல்லையா? நல்லா பாத்தியா?"

"இல்லம்மா. அங்க இல்ல."

"இங்கே தூத்து இருக்கு."

எழுந்து ஓடி, காப்பி எடுத்த மொதல் டேப்ப தேடி அந்த எடத்த பாத்தாங்க. ஒரு ஓட்டையில ஒரே ஒரு குங்குமப் பொடி, கடுகுல பாதி இருக்கும், செக்கச் செவேல்னு உக்காந்துகினு இருக்குது. நைனா கையில இருந்து எப்பவோ உதுந்து உள்ள போயிருக்கு. தொண தொணப்பானுக்கு இன்னா தெரியும், ஓட்டை இல்லன்னு நெனச்சி தாண்டி போயிடுச்சு. அவ்ளோ பெரிய பெட்டி, அவ்ளோ கரண்டு, இந்த துளியூண்டு குங்குமத்துக்கு முன்னால மண்டி போட்டுடுச்சு.

அப்பிடி ஒண்ணு ரெண்டு ஓட்டை கையாலயே போட அவங்க கிட்ட ஒரு சின்ன இரும்புக் கட்ட இருந்துச்சு, ஒரு ஊசி. டேப்ப அதுல பொருத்தினாங்க, ஊசிய சரியான எடத்துல நிறுத்தினாங்க. அப்பால கைய எடுத்துகினு, "அண்ணா, நீங்க அமுக்குங்க"ன்னாங்க. நைனா வேணாம்மா வேணாம்மான்னு பின்னால போறாரு. பாறைய ராவெல்லாம் தொளைச்ச ஆளு, ஒரு காயிதத்துல ஒரு ஓட்டை போட பயப்படறாரு. அம்மா தான், "போடுங்க, எல்லாத்துக்கும் பொட்டு வெச்ச கை தானே"ன்னு சொல்லுச்சு. கண்ண மூடிகினு அமுக்கினாரு. டிக்குன்னு ஒரு சத்தம்.

மறுபடியும் பல்லு சுவிட்சு. மறுபடியும் கரகரகர. நான் கை ரெண்டையும் வாயில வெச்சிகினேன். தலை தாண்டிச்சு, கோடு தாண்டிச்சு, நின்ன எடம் வந்துச்சு, அதயும் தாண்டிச்சு. ஓடுது, ஓடுது, வாலு வருது, கடைசி வெறும் காயிதம் படபடன்னு அடிச்சிகினு அந்தாண்ட போயி வுழுந்துச்சு. அப்ப, யாரும் தொடாம, டைப்பு மிஷினு தடதடன்னு ஒரு வரி அடிச்சிது.

நான் குதிச்சேன். எஞ்சினியரம்மா என்ன தூக்கி ஒரு சுத்து சுத்தினாங்க. சொட்டர்ல எல்லாம் சந்தனம். அம்மா முந்தானிய வாயில வெச்சிகினு திரும்பிகிச்சு, தோளு மட்டும் குலுங்குச்சு, நான் அது சிரிக்குதுன்னு நெனச்சேன். எஞ்சினியரம்மா பெட்டி பெட்டியா போயி பொட்ட எல்லாம் ஈரத்துணியால தொடச்சாங்க. பழைய ரெண்டு டேப்பையும் சுருட்டி அவங்க பைக்குள்ள போட்டுகினாங்க. டைப்பு மிஷின் அடிச்ச அந்த காயிதத்த கிழிச்சி என் கையில குடுத்தாங்க. அத நான் தலகீழா புடிச்சிகினு எல்லாருக்கும் படிச்சி காட்டினேன், தூத்து இல்ல தூத்து இல்லன்னு.

நைனா மட்டும் எதுவும் பண்ணல. கதவு கிட்ட போயி, ஒரு கால்ல செருப்ப மாட்டிகினு, இன்னொரு செருப்ப கையிலயே வெச்சிகினு நின்னாரு. அப்பிடியே நின்னுகினு கேட்டாரு.

"அம்மா, நாளைக்கி நான் இங்க தானே வரணும்?"

எஞ்சினியரம்மா தொடைக்கறத நிறுத்தினாங்க. "இங்கயே தான் அண்ணா. காலையில சீக்கிரமா வாங்க."

எனக்கு சிரிப்பு தாங்கல. இத்தன நாளா தெனமும் வர ரூமுக்கு வழி கேக்கறாரு பாரு எங்க நைனா. இங்க வராம வேற எங்க போவாராம். வூடு போய் சேர்ற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி சிரிச்சிகினு போனேன். அவரு என் கைய வுடாம கெட்டியா புடிச்சிகினு நடந்தாரு.